ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம்: மூன்று பகல், இரண்டு இரவு, சொந்த வண்டி இல்லை. எப்படிச் சுற்றுவது?

கோவை தேவி:

எல்லோருக்கும் வணக்கம். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை மதுரைக்கு வந்து சேர்கிறோம். ஞாயிறு இரவு மதுரையிலிருந்து கோவைக்குப் பஸ் ஏற வேண்டும். நடுவில் இருப்பது மூன்று பகலும் இரண்டு இரவும்தான். நான், வீட்டுக்காரர், ஏழாவது படிக்கும் மகன், நான்காவது படிக்கும் மகள், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார்கள், படி என்றால் சிரமம். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை.

மகனுக்கு ரயில் பைத்தியம், பாம்பன் பாலம் பார்க்காமல் வரமாட்டான். எனக்குப் பழைய அரண்மனை, பழைய கடைத்தெரு, பழைய துறைமுகம் என்றால் பிடிக்கும். கூகுளில் தேடினால் எல்லோரும் ராமேஸ்வரத்தை ஒரே நாளில் 18 இடம் என்று போட்டிருக்கிறார்கள். அப்படி ஓட எங்களால் முடியாது. எங்கே தங்குவது, எதை விடுவது, எதற்கு வண்டி பிடிப்பது, எதற்குப் பஸ் போதும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேதுச்சீமை:

தேவி அம்மா, வாங்க. நான் ராமநாதபுரத்துக்காரன், வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ராமநாதபுரத்தை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். மதுரையில் ஏறினால் ராமேஸ்வரத்தில்தான் கண்ணைத் திறப்பது. அங்கே ஒரு நாள் ஓட்டம், ராத்திரியே திரும்பிவிடுவது. இந்தக் கரையில் ராமேஸ்வரம் ஒரு முனை, அவ்வளவுதான். அந்த முனைக்கு வந்த யாத்திரிகர்களைக் காத்துக் கரை சேர்ப்பதையே பட்டமாக வைத்துக்கொண்டவர்கள் சேதுபதி மன்னர்கள். அவர்கள் இருந்த ஊர் ராமநாதபுரம். அவர்களுக்குத் தோள் கொடுத்த வணிகர்களின் ஊர் கீழக்கரை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சீமை பிடிபடும்.

அதனால் முதல் இரவு ராமநாதபுரத்தில் தங்குங்கள், இரண்டாம் இரவு ராமேஸ்வரத்தில். இரண்டுக்கும் நடுவில் 55 கிலோமீட்டர் சொச்சம், பஸ் வந்துகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை தென்பக்கம் ஒரு சுற்று: உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை. இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கம். இதற்கு மட்டும் ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள், ஐந்து பேருக்குக் கட்டுப்படியாகும். தேவிபட்டினம் வடக்கே இருக்கிறது, அதை இந்தச் சுற்றோடு முடிச்சுப் போடாதீர்கள். ஓரியூர், தொண்டி, திருவாடானை எல்லாம் இன்னொரு முறை வரும்போது பார்க்கலாம்.

உத்தரகோசமங்கையை 'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், அவ்வளவு பழசு. மாணிக்கவாசகர் பாடிய தலம், திருப்பொன்னூசலில் இந்த ஊரின் பெயர் வருகிறது. மரகத நடராஜரை வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் பார்க்க முடியும். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பைக் களைவார்கள், அன்றைக்கு ஊரே கொள்ளாது. நீங்கள் தையில் வருகிறீர்கள், காப்போடுதான் தரிசனம். ஆனால் கூட்டம் இல்லாமல் அந்தப் பிராகாரத்தில் உட்கார்ந்திருப்பது தனிச் சுகம். எந்தச் சிவன் கோவிலிலும் வைக்காத தாழம்பூவை இங்கே சாத்துகிறார்கள், அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: உச்சிக்குப் பிறகு கோவில்கள் நடை சாத்திவிடும். உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி இரண்டையும் பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

தூத்துக்குடி பைக்:

மதுரையில் இறங்குவது பற்றி ஒரு குறிப்பு. கோவையிலிருந்து வரும் அரசு பஸ் ஆரப்பாளையத்தில் விடும். ராமநாதபுரம் பஸ் மாட்டுத்தாவணியில். விடியற்காலையில் இரண்டுக்கும் நடுவே டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும், அம்மாவை வைத்துக்கொண்டு பெட்டிகளோடு ஆட்டோதான் உத்தமம். ராமநாதபுரத்துக்கு அங்கிருந்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டை ராமநாதபுரத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

தீர்த்தவாசி:

சேதுச்சீமை ஐயா மன்னிக்க வேண்டும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மா தீர்த்தமாட வருகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை இது சுற்றுலா இல்லை, சேது யாத்திரை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. உப்பூரில் வெயிலுகந்த விநாயகர், தேவிபட்டினத்தில் நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை, அப்புறம்தான் ராமேஸ்வரம். கடலுக்குள் நிற்கிற ஒன்பது கல்லையும் பார்க்காமல் நேராக ராமநாதசுவாமி சன்னிதியில் போய் நிற்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அரண்மனைக்கு ஒதுக்குகிற நேரத்தைத் தேவிபட்டினத்துக்குக் கொடுத்தால் போதும், 15 கிலோமீட்டர்தான்.

தங்குவதும் இரண்டு இரவும் ராமேஸ்வரம்தான் நல்லது. வயதானவர்களை வைத்துக்கொண்டு தினம் ஒரு ஊரில் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பது பெரிய பாடு. விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு இரண்டு நாள் வாய்ப்பும் கிடைக்கும்.

சேதுச்சீமை:

தீர்த்தவாசி சொல்லும் முறை உண்மைதான், எங்கள் பாட்டி காலத்தில் அப்படித்தான் போனார்கள். ஆனால் அவர்கள் மாதக் கணக்கில் போனார்கள், வழியெல்லாம் சத்திரம் இருந்தது. சேதுபதிகள் அந்தச் சத்திரங்களைக் கட்டியதே யாத்திரிகர் அவசரப்படாமல் போகத்தான். மூன்று நாளில் எல்லாவற்றையும் திணித்தால் முறை நிறைவேறும், ஆனால் அம்மாவின் முழங்கால் தாங்காது. அம்மாவிடமே கேட்டுவிடுங்கள் தேவி. அவர்கள் நவபாஷாணம் வேண்டும் என்றால் அதுதான் முடிவு, வேறு எதையாவது குறைத்துக்கொள்ளலாம்.

பாம்பன் காற்று:

பாலம் பற்றித் தம்பிக்குச் சொல்கிறேன். பழைய பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. நடுவில் கப்பல் போக இரண்டு கைகள் மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும். அதை ஆட்கள் நின்று கையாலேயே இயக்கினார்கள். அந்தப் பாலத்தில் ரயில் 2022 டிசம்பரோடு நின்றுவிட்டது. பக்கத்தில் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தார்கள். இதில் நடுத்தூக்கு 72.5 மீட்டர் நீளம், அப்படியே நெட்டுக்குத்தாக 17 மீட்டர் உயரம் மேலே போகும், மோட்டாரில். கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள், அதைப் பார்க்கக் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆனால் தூக்கின் இரண்டு பக்கத்துக் கோபுரங்களும் எப்போதும் தெரியும், அவனே பார்த்துப் புரிந்துகொள்வான்.

ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். எல்லோரும் நிறுத்துகிறார்கள், அதனாலேயே விபத்து. இந்தப் பாலம் 1988 அக்டோபர் 2ஆம் தேதி திறந்தது, அதற்கு முன் கார், பஸ் எதுவும் தீவுக்குள் நேராக வர வழியில்லை. ரயில்தான் எங்களுக்கு எல்லாம். பையனுக்கு உண்மையான சந்தோஷம் வேண்டுமென்றால் போகும்போது பஸ், வரும்போது ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு சாயங்காலம் ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குப் பயணிகள் ரயில் இருக்கிறது. நேரம் அவ்வப்போது மாற்றுகிறார்கள், முதல் நாளே ஸ்டேஷனில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே பாலத்தைக் கடக்கிற மாதிரி அமைந்தால் நல்லது. ரயில் பாலத்தில் ஏறியதும் வேகம் குறையும். கீழே பார்த்தால் தண்டவாளம்தான் தெரியாது, தண்ணீர்தான் தெரியும். கதவுப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள், காற்று தள்ளும்.

காற்றைப் பற்றியும் சொல்லணும். தையில் வாடை அடிக்கும். வடகடல், அதாவது பாக் ஜலசந்திப் பக்கம், கலங்கி இருக்கும். தென்கடல் மன்னார் வளைகுடா அப்போது படிந்து கிடக்கும். ஆடியில் வந்தால் நேர்மாறு. பிள்ளைகளுக்குப் படகுச் சவாரி வேண்டுமென்றால் தென்பக்கம் குந்துகால் வாருங்கள். குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு இருக்கிறது, காற்றைப் பார்த்துத்தான் விடுவார்கள். தனியார் படகுக்காரர் யாராவது தீவுக்குக் கூட்டிப் போகிறேன் என்றால் போகாதீர்கள். 21 தீவும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. குந்துகாலில்தான் விவேகானந்தர் 1897 ஜனவரி 26ஆம் தேதி வந்து இறங்கினார், நினைவு மண்டபம் இருக்கிறது.

கீழக்கரை லாத்தா:

தேவி, வெள்ளிக்கிழமை எங்கள் ஊருக்கு வரும்படி சேதுச்சீமை ஐயா சொல்லியிருக்கிறார். வாங்க, சந்தோஷம். ஆனால் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை ஜும்மா தொழுகை. பள்ளிவாசல் தெருக்களில் வண்டி நகராது, கடைகளும் பாதி சாத்தியிருக்கும். மூன்று மணிக்கு மேல் வந்தால் ஊர் சாவகாசமாக இருக்கும்.

ஜும்மா பள்ளியைப் பார்க்காமல் போகாதீர்கள். 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி காலத்தில் எழுந்தது என்பார்கள். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று சொல்கிறோமே, அவர்தான். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட முதலில் ஆதரவு கொடுத்ததும் அவர்தான். கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர். பள்ளியின் தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கோவில் மண்டபத்தில் பார்க்கிற அதே கல்வேலை, தூணின் தலையில் அதே போதிகை. ஆனால் யாளியும் பதுமையும் இருக்க வேண்டிய இடத்தில் பூவும் கொடியும் மட்டும் செதுக்கியிருக்கும். ஒரே கொத்தர்கள் இரண்டு பக்கமும் வேலை செய்திருக்கிறார்கள் என்று கல்லே சொல்லிவிடும். நீங்கள் மறுநாள் ராமேஸ்வரம் பிராகாரத்தில் நிற்கும்போது இந்தத் தூண்கள் ஞாபகம் வரும் பாருங்கள்.

தொழுகை நேரம் இல்லாமல் பார்த்து, பள்ளியில் இருக்கும் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பெண்கள் எதுவரை வரலாம் என்று அவர்களே சொல்வார்கள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டால் போதும். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டு வாசல்களில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், அங்கே மட்டும் கேமராவைத் தூக்காதீர்கள்.

அப்புறம் தொதல். அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் இனிப்பையும் போட்டு மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். கை ஓய்ந்தால் அடி பிடித்துவிடும், அதனால் என் உம்மா காலத்தில் இரண்டு பேர் மாறி மாறிக் கிண்டுவார்கள். எண்ணெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகச் சுருண்டு வந்தால்தான் பதம். நல்ல தொதல் கறுப்பாக, பளபளவென்று இருக்கும், கத்தியில் ஒட்டாது. பெட்டியில் அடைத்துத் தருவார்கள், கோவை வரை கெடாது.

கோவை தேவி:

லாத்தா, படிக்கும்போதே நாக்கில் ஊறுகிறது, கண்டிப்பாக வாங்குவோம். பாம்பன் அண்ணா சொன்னதை மகனிடம் படித்துக் காட்டினேன், 17 மீட்டர் என்றால் நம் வீட்டுக்கு எத்தனை மாடி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அம்மாவிடம் கேட்டேன். 'திருப்புல்லாணியும் ராமேஸ்வரமும் போதும், மிச்சத்தை நீ பார்க்க வேண்டியதைப் பார்' என்றார்கள். ஆக, தேவிபட்டினம் இந்த முறை இல்லை, தீர்த்தவாசி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அரண்மனையை வெள்ளிக்கிழமை காலையிலேயே பார்த்துவிட்டுத் தென்பக்கம் போகலாமா? அங்கே உள்ளே பார்க்க நிறைய இருக்கிறதா? படி அதிகமா?

சேதுச்சீமை:

வெள்ளிக்கிழமை ராமலிங்க விலாசம் விடுமுறை. இதைக் கேட்காமல் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். சனிக்கிழமை காலை வைத்துக்கொள்ளுங்கள், இரவு இங்கேயே தங்குவதால் நிதானமாகப் போகலாம். இதற்காகத்தான் முதல் இரவு இங்கே என்றேன்.

போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் கிழவன் சேதுபதி. அரண்மனையின் தர்பார் மண்டபம்தான் ராமலிங்க விலாசம், இப்போது தொல்லியல் துறை வசம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமான வெள்ளைக் கட்டடம். உள்ளே நுழைந்து கண் இருட்டுக்குப் பழகியதும்தான் சுவரெல்லாம் ஓவியம் என்று தெரியும். சுவர், வளைவு, மேற்கூரை எதையும் விட்டுவைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டியவை.

அவசரப்பட்டால் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக ஒரே கூட்டமாகத்தான் தெரியும். இரண்டு மூன்று காட்சிகளை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஒன்று, மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு ரத்தினாபிஷேகம் செய்கிற காட்சி. இன்னொன்று, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், குதிரையும் பீரங்கியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது, தொப்பியும் கால்சட்டையும் போட்ட ஐரோப்பியர்கள் சேதுபதியைப் பார்க்க வந்திருப்பது. ராமாயணக் காட்சிகள் ஒரு பக்கம், அரசர் ஓய்வாக இருக்கும் காட்சிகள் மாடி அறையில். ஓர் அரசன் தன் காலத்து அரசியலையும் போரையும் பக்தியையும் ஒரே கூரையின் கீழ் இவ்வளவு விரிவாக எழுதிவைத்த இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள், எனக்கு அது ஆறாத வருத்தம்.

படி விஷயம்: வாசலில் ஏற வேண்டியிருக்கும். கீழ் மண்டபத்தை அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிடலாம். மாடியை நீங்களும் பிள்ளைகளும் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். வெளியே வந்தால் அரண்மனைக் கடைவீதி. முண்டு மிளகாய் விற்பார்கள், குட்டையாக, உருண்டையாக இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் நிறமும் நன்றாக இருக்கும், ஒரு கிலோ வாங்கிப் போங்கள். தையில் பனங்கிழங்கும் கட்டுக் கட்டாக வரும்.

தூத்துக்குடி பைக்:

வண்டி பேசுவது பற்றி. நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை என்று அடிக்கடி வந்துபோகிறவன். ராமநாதபுரத்தில் வெள்ளிக்கிழமைச் சுற்றுக்குக் கார் பேசும்போது இடங்களின் பெயரை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள். காத்திருக்கும் நேரம், பார்க்கிங், டிரைவர் சாப்பாடு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் 'அந்த இடம் இப்போது பூட்டியிருக்கும்' என்று சொல்லித் தனக்குத் தெரிந்த கடைக்குத் திருப்புகிற பழக்கம் எல்லாச் சுற்றுலா ஊரிலும் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் எங்கள் குடும்பத்தை ஓர் ஆட்டோக்காரர் கோவிலுக்கு முன்னால் இரண்டு சங்குக் கடைக்கு அழைத்துப் போனார். எழுதிய தாள் கையில் இருந்தால் அதைக் காட்டி 'இதுதான் நம்ம பேச்சு அண்ணே' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், சண்டை வராது.

ராமேஸ்வரத்துக்குள் கார் வேண்டாம். கோவிலைச் சுற்றி நான்கு ரத வீதியிலும் வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். அறையைக் கோவிலிலிருந்து அம்மா நடக்கிற தூரத்தில் போடுங்கள். பஸ் ஸ்டாண்ட் ஊருக்கு வெளியே மேற்கே இருக்கிறது, அங்கிருந்து கோவிலுக்கு டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு.

தீர்த்தவாசி:

கோபம் எதற்கு தேவி, அம்மா வாக்கே பெரிது. தீர்த்தமாடுவது பற்றி மட்டும் விவரமாகச் சொல்கிறேன், அதில் தவறு நடந்தால் மனசு கஷ்டப்படும்.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே கடல், அதுதான் அக்னி தீர்த்தம். அங்கே அலை கிடையாது, குளம் போல இருக்கும். முதலில் அதில் முங்கிவிட்டு, ஈரத்துணியோடு கோவிலுக்குள் போய் 22 தீர்த்தம். பெரும்பாலும் கிணறுகள்தான். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஓர் ஆள் ஏறி நின்று, கயிறு கட்டிய வாளியைச் சரேலென்று விட்டு இழுத்து, வரிசையில் நிற்பவர்கள் தலையில் ஊற்றுவார். கடல் இத்தனை பக்கத்தில் இருந்தும் தண்ணீர் ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு ருசி.

சிக்கல் எங்கே என்றால் தரையில். ஆயிரக்கணக்கானவர்கள் சொட்டச் சொட்ட நடப்பதால் கல் வழுக்கும். அதுவும் வேகமாக ஓடுகிற கூட்டம். அம்மாவை ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் உங்கள் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளுங்கள். குழுவாக அழைத்துப் போகிறவர்கள் ஓட்டுவார்கள், அவர்களோடு போகாதீர்கள். கவுண்டரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நீங்களாகவே நிதானமாகப் போகலாம். நடுவில் முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு, மிச்சத் தீர்த்தங்களைத் தலையில் தெளித்துக்கொண்டாலும் பலன் ஒன்றுதான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஈரத்துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள். மாற்றுத்துணியை ஒரு பையில் வைத்துக்கொண்டு ஒருவர் உலர்ந்து இருக்க வேண்டும். செல்போனை அறையிலேயே விட்டுவிடுங்கள். மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள்.

முக்கியமாக, தை அமாவாசை எந்தத் தேதி என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். அன்றும் அதற்கு முந்தின நாளும் ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காது, அம்மாவால் அந்தக் கூட்டத்தில் நிற்கவே முடியாது.

மூன்றாம் பிராகாரத்துக்குத் தனியாக நேரம் வையுங்கள். 1212 தூண்கள். ஒரு மூலையில் நின்று பார்த்தால் மறுமூலையில் நிற்கிறவர் விரற்கடை உயரம் தெரிவார். முத்துராமலிங்க சேதுபதி கட்டி முடித்தது. சேதுச்சீமை ஐயா சொன்ன அந்த வம்சம்தான், அவருக்காக இதைச் சொல்கிறேன்.

பாம்பன் காற்று:

தனுஷ்கோடியை யாருமே சரியாகச் சொல்லவில்லையே. ஞாயிறு காலையில் தீர்த்தத்தை முடித்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இப்போது தார் ரோடு, ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 2017க்கு முன் மணலில் ஜீப்பில்தான் போக வேண்டும். இப்போது வண்டி கடைசி வரை போகிறது, அம்மா இறங்காமலேயே இரண்டு கடலையும் பார்க்கலாம். டவுன் பஸ்ஸும் உண்டு, ஆனால் கூட்டம் நெரியும், அம்மாவுக்காக ஆட்டோ பேசுங்கள். பகலில் மட்டும்தான் விடுவார்கள், சாயங்காலம் செக்போஸ்டில் நிறுத்திவிடுவார்கள்.

முனையில் ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல் என்போம். வடக்கே பார்ப்பது பெண்கடல். அங்கேயும் இறங்கிக் குளிக்காதீர்கள், இரண்டு நீரோட்டம் சந்திக்கிற இடம், காலடி மணலை இழுத்துவிடும். தலைமன்னார் அங்கிருந்து 30 கிலோமீட்டர்தான்.

வழியில் பழைய ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்துப் போன ஊர். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஸ்டேஷனுக்குக் கிட்டே வந்தபோது அலை அடித்துக்கொண்டு போனது, அதில் இருந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. அதற்கு முன் எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் மாறி இலங்கைக்குப் போய்விடலாம். தேவாலயத்தின் சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள், செங்கல் இல்லை, பவளப்பாறைக் கல். அதன் நுண்ணிய பூப்போன்ற துளைகள் இன்னும் தெரியும். தயவுசெய்து அதில் பெயர் எழுத வேண்டாம், ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். அங்கே செத்தவர்களின் சொந்தக்காரர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். சிறு குடிசைகளில் கடை போட்டிருக்கும் அக்காமார்களிடம் டீயும் பொரித்த மீனும் வாங்கிச் சாப்பிடுங்கள். கடலுக்கு இத்தனை கிட்டத்தில் மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறவர்கள் அவர்கள், கேட்டால் காட்டுவார்கள். பவளத்துண்டு விற்றால் வாங்காதீர்கள், அது குற்றம்.

தையில் பூநாரைகள் இருக்கும். ரோட்டின் ஓரத்து நீர்ப்பரப்பில் தூரத்தில் வெள்ளையும் ரோஸுமாக ஒரு கோடு தெரிந்தால் அதுதான். 2025இல் அரசு அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. கிட்டப் போகாமல் வண்டியிலிருந்தே பாருங்கள், ஒரு பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள்.

கோவை தேவி:

எல்லோர் சொன்னதையும் வைத்து இப்படிப் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

வெள்ளி காலை ராமநாதபுரத்தில் அறை எடுத்து, சாப்பிட்டுவிட்டு, எழுதிய தாளோடு கார். உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி பன்னிரண்டுக்குள். மதியச் சாப்பாடு, அம்மாவுக்கு வண்டியிலேயே கொஞ்சம் ஓய்வு. மூன்று மணிக்கு மேல் கீழக்கரை, தொதல். இருட்டும் முன் சேதுக்கரைக் கடல், அப்புறம் அறை. சனி காலை ராமலிங்க விலாசம், கடைவீதி. மதியம் பஸ்ஸில் ராமேஸ்வரம். வழியில் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்தில் இறங்கலாமா என்று யோசிக்கிறேன். சாயங்காலம் பிராகாரம் மட்டும், நிதானமாக. ஞாயிறு விடியற்காலை தீர்த்தம், தரிசனம். ஒன்பது மணிக்குத் தனுஷ்கோடி. திரும்பி வந்து ஓய்வு, சாயங்கால ரயில், பாலம், மதுரை. குருசடைத் தீவை விட்டுவிட்டேன், மகள்தான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

சேதுச்சீமை:

அருமையான திட்டம். ஒரே ஒரு மாற்றம்: கீழக்கரையிலிருந்து சேதுக்கரைக்குத் திரும்பி வர நேரம் இழுத்தால் சேதுக்கரையை விட்டுவிடுங்கள், கீழக்கரைக் கடற்கரையிலேயே உட்காருங்கள். அந்தத் துறையைப் பார்த்தால்தான் லாத்தா சொன்ன வணிகம் புரியும்.

பாம்பன் காற்று:

கலாம் ஐயா நினைவிடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பெட்டிகளை என்ன செய்வீர்கள்? சனிக்கிழமை நேராக ராமேஸ்வரம் வந்து அறையில் பெட்டியை வைத்துவிட்டு, ஆட்டோவில் பேய்க்கரும்பு போய்த் திரும்புங்கள், பக்கம்தான். சாயங்காலம் மூடிவிடுவார்கள், நாலு மணிக்குள் போய்விடுங்கள். பள்ளிவாசல் தெருவில் அவர் பிறந்த வீடும் கோவிலிலிருந்து கிட்டத்தில் இருக்கிறது.

மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று விற்கிற தோட்டங்கள் இருக்கின்றன. மதுரை மல்லிக்கு நாற்றே இங்கிருந்துதான் போகிறது. பேய்க்கரும்பு போகும்போது அதே ஆட்டோவில் இன்னும் கொஞ்ச தூரம் போய், அவள் பெயரில் ஒரு கட்டு நாற்று வாங்கிக்கொடுங்கள்.

கோவை தேவி:

நாற்று என்றதும் முகம் தெளிந்துவிட்டது! ஆட்டோ யோசனையும் சரி. கடைசியாக ஒன்று: வீட்டுக்காரருக்குக் கருவாடு வேண்டுமாம். எங்கே வாங்குவது, பஸ்ஸில் வாடை வராமல் எப்படிக் கொண்டு போவது?

பாம்பன் காற்று:

பாம்பனிலும் மண்டபத்திலும் கிடைக்கும், ரோட்டோரக் கடையிலேயே வாங்கலாம். நெத்திலி, சீலா, பாறை எடுங்கள். விரலால் அழுத்தினால் ஈரம் படக் கூடாது, மேலே உப்புப் பூத்திருந்தால் நாள்பட்டது. செய்தித்தாளில் இரண்டு சுற்று, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர் ஒன்று, அதை எவர்சில்வர் தூக்கில் வைத்து மூடிவிடுங்கள். தொதல் பெட்டியை வேறு பையில் வையுங்கள்.